சாந்தாமணி போட்ட கையெழுத்து

"என்ர உசுரு இருக்கற வரைக்கும் என்ர நாவலு கம்ப்யூட்டருக்குள்ள போகாது!"

ஒன்பது நாவல் எழுதிய அரங்கசாமி இப்படிச் சபதம் போட்டபோது அவர் மனைவி சாந்தாமணி கொள்ளுப் பருப்பு கடைந்துகொண்டிருந்தார். வினை, ஒரு கல்லூரி நூலகத்தால் வந்தது. கோவை எழுத்தாளர்களின் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றப் போகிறார்களாம். யார் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அது வரும் பக்கம் போனில் வந்து நிற்குமாம்.

"பீர் முகம்மது அண்ணன் அவரு கவிதையெல்லாம் சந்தோசமாக் குடுத்துட்டாருங்களாமா?"

"அவரு குடுப்பாரு. நாலு வரிக் கவிதைக்கு என்ன நட்டம்? என்ர நாவலு முழு விருந்து அம்மணி. போறவன் வாரவனெல்லாம் ஆளுக்கு ஒரு வாய் அள்ளிட்டுப் போனா, இலை போட்டு உக்கார்றது ஆரு?"

"இப்ப ஆருங்க உக்காந்திருக்கறாங்க?"

அரங்கசாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுத்தாளர் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

"தேடறவங்க கண்ணுல பட்டாத்தானுங்க படிக்கறவங்க கைக்குப் போகும்" என்று பீர் முகம்மது அங்கே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அரங்கசாமி எழுந்தார். நாற்பது நிமிடம் உட்காரவே இல்லை. யாரும் புத்தகம் கொடுக்கக் கூடாது என்ற அவர் தீர்மானத்துக்குப் பதினொரு பேரில் ஏழு பேர் கை தூக்கினார்கள். மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். சித்திரை வெயிலில், போர்த்திய பொன்னாடையைக் கழற்றாமலே வீடு வந்து சேர்ந்தார்.

கூடத்தில் நூலகத்துப் பெண் நந்திதா அவருடைய ஒன்பது நாவல்களையும் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்!"

"நீங்க போட வேண்டாமுங்க சார். உரிமையாளரே போட்டுட்டாங்க."

சாந்தாமணி முதல் நாவலின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'உரிமை: திருமதி சாந்தாமணி.' கல்யாணமான வருஷம் தென்னந்தோப்பை மனைவி பேரில் எழுதிவைத்த சூட்டோடு நாவலையும் எழுதிவைத்தவர் அரங்கசாமியேதான். அதைச் சொல்லிக் கைதட்டு வாங்காத மேடை இல்லை. மற்ற எட்டிலும் அச்சகத்தார் அதே வரியைப் போட்டுவிட்டார்கள்.

"தோப்பை விக்கோணும்னாலும் நாந்தானுங்களே கையெழுத்துப் போடோணும்?"

அரங்கசாமி இரண்டு மாதம் முறைத்துக்கொண்டே சாப்பிட்டார். அப்புறம் தாராபுரத்திலிருந்து ஒரு போன் வந்தது. தேஜா என்ற டீச்சர். அமராவதி வெள்ளம் என்று தேடினாராம், மூன்றாவது நாவலின் பக்கம் வந்ததாம், புத்தகத்தைத் தேடிப் பிடித்து ஒரே மூச்சில் படித்தாராம். மீதி எட்டும் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். முன்பின் தெரியாத ஒருவர் இப்படிக் கேட்பது முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அரங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் ஆரம்பத்துலயே சொன்னனில்ல!" என்றார் மனைவியிடம்.

அடுத்த கூட்டத்தில், எல்லாரும் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று அவரே எதிர்த் தீர்மானம் கொண்டுவந்தார். பதினொரு பேரும் கை தூக்கினார்கள். பீர் முகம்மதுவே பொன்னாடை போர்த்தினார். வெற்றி வீரராக வீடு திரும்பியவர், எழுதி முடித்திருந்த பத்தாவது நாவலை எடுத்து நீட்டினார்.

"இந்தா அம்மணி, இதுக்கும் கையெழுத்துப் போட்டுக் குடு. அச்சானதும் ஏத்திப்போடலாம்."

"என்ர பேர்ல வாரதுங்களே. ஒருக்காப் படிச்சுப் பாத்துப்போட்டுக் குடுக்கறனுங்க."

மனைவி தன் நாவலைப் படிக்கப் போகிறாள்! அரங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை நாவல் திரும்பி வந்தபோது ஏழு அத்தியாயம் குறைந்திருந்தது.