பதினாறு கொள்ளைக்காரரைச் சாய்த்த பிரசங்கம்

"தூங்க வெச்சிட்டேன்னா போதாது, அண்ணாச்சி. எப்படித் தூங்க வெச்சீங்க?"

கிளாட்வின் தேவபிரசாதத்திடம் கேட்டான். எதிரே பதினாறு கொள்ளைக்காரர்கள் வாளோடு நின்றார்கள். நின்றது கிளாட்வின் சொன்ன கதையில்தான். ஆனாலும் பயமாக இருந்தது.

அது எழுபத்தெட்டாம் வருஷம். தூத்துக்குடிக்கு உப்பு ஏற்ற வந்த கப்பலின் வெள்ளைக்கார மாலுமி ஒருவன், துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளாட்வினுக்கு ஒரு விளையாட்டுப் புத்தகமும், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் கொடுத்துவிட்டுப் போனான். ஆளுக்கொரு வேஷம், வேஷத்துக்கொரு வித்தை. கதையைக் கிளாட்வின் சொல்வான். வித்தை பலித்ததா என்று பகடை சொல்லும். அது எப்படிப் பலித்தது என்பதை மட்டும் அவனவன் சொந்தமாகச் சொல்ல வேண்டும்.

மதியக் கஞ்சிக்குப் பிறகு மூட்டை சுமப்பவர்கள் ஷெட் நிழலில் சாக்கை விரித்து உட்காருவார்கள். தோளில் உப்பு அரித்த புண் அந்த அரைமணி நேரம் எரியாது. அப்படியொரு அரைமணி நேரம் பிறகு யாருக்கும் வாய்க்கவில்லை.

தேவபிரசாதத்துக்கு மந்திரவாதி வேஷம். நாற்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டப் படித்தவர். தன் வேஷச் சீட்டைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். கிளாட்வின் அதை வாங்கிப் பார்த்தான்.

"உறக்க மந்திரத்துக்குச் சின்ன 'ர' போட்டிருக்கீங்களே. 'உரக்க மந்திரம்.' சத்தம் போட்டா தூங்க வைப்பீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மையால் எழுதியதை அடித்துத் திருத்த அவருக்கு மனசு வரவில்லை. அது எழுத்துத் தெரியாதவன் செய்கிற வேலை என்று நினைத்தார்.

"ஆமாலே, சத்தம் போட்டுத்தான். நம்ம மாதா கோயில் சாமியார் மைக்கைப் பிடிச்சுப் பிரசங்கம் வைக்கலையா? கோயிலே தூங்குதுல்லா? அந்த மந்திரந்தான்."

இரண்டு பகடையை உருட்டினார். எட்டும் எட்டும் விழுந்தது. பதினாறு பேரும் வாளைப் போட்டுவிட்டுச் சாய்ந்தார்கள். ஷெட்டே அதிர்ந்தது.

துறைமுகத்துப் பேச்சு தெருவுக்குப் போக ஒரு சைக்கிள் போதும். அவர் வீட்டுக்குப் போகுமுன் அது போயிருந்தது.

"கூறு கெட்ட மனுசா!" என்றாள் அவர் மனைவி அல்போன்சா. "ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் நம்ம பிளாரன்சுக்குக் கல்யாணம்னு ஊரறிய ஓலை வாசிக்கணும். வாசிக்க மாட்டேன்னுட்டா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவீரு?"

சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த மகள் பிளாரன்ஸ் ஊசியைக் கீழே வைத்தாள். அதுதான் அவரைக் குத்தியது.

மறுநாள் அறிவித்தார்: "சாமியாரை எடுத்தாச்சு. இனி மந்திரம் நம்ம சங்கத் தலைவர் சங்கரபாண்டியன் பேச்சு. அதுவும் மைக்குதானே."

ஆறு பேர் சாய்ந்தார்கள். சாயங்காலம் சங்கரபாண்டியன் நேரில் வந்தார்.

"என் பேச்சைக் கேட்டு முதலாளிமாரே தூக்கம் கெட்டுக் கிடக்கான். உமக்குத் தூக்கம் வருதோ?"

"விளையாட்டுக்கு, அண்ணாச்சி..."

"விளையாடும். நாளையிலேர்ந்து உமக்கு நிலக்கரிக் கப்பல்."

வெள்ளை மூட்டை போய்க் கறுப்பு மூட்டை வந்தது. கரி படிந்த முகத்தோடு மதியம் வந்து உட்கார்ந்தவர், இனி வெளியாட்களே வேண்டாம் என்று முடிவுசெய்தார்.

"என் வீட்டுக்காரி பாட்டு. அவளுக்கு மைக்கே வேண்டாம்."

மூன்று பேர் சாய்ந்தார்கள். வீட்டில் அடுப்பும் சாய்ந்தது.

"திருவிழாவில நான் பாடுதப்ப ஒருத்தன் கண்ணசந்திருப்பானா? சொல்லும்!"

"இல்ல, அல்போன்சா."

"அப்ப கஞ்சிக்கும் அந்தக் கொள்ளைக்காரன்கிட்டயே போம்."

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போன சனிக்கிழமை, தேவபிரசாதம் சீட்டை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எழுத்தை அடித்தார். சின்ன 'ர'வுக்கு மேல் பெரிய 'ற'வை அழுத்தி எழுதினார்.

"இனி சத்தமில்ல. யாரு பேரும் இல்ல. மந்திரவாதி சும்மா தலையைத் தடவிக் குடுப்பான்."

பகடை உருண்டது. ஒன்றும் ஒன்றும். இரண்டே பேர்தான் தூங்கினார்கள். மிச்சம் நின்றவர்கள் மந்திரவாதியை வெட்டிப் போட்டார்கள். கிளாட்வின் தொப்பியைக் கழற்றி இரண்டு நிமிஷம் மௌனம் காத்தான். செத்தது தானே என்றாலும் தேவபிரசாதத்துக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. விஷயம் இத்தோடு முடிந்ததல்லவா?

வீட்டு வாசலில் கோயில்பிள்ளை பர்னபாஸ் நின்றுகொண்டிருந்தார். பூசை மணி அடிப்பவர் காரணமில்லாமல் வாசலுக்கு வர மாட்டார். கதவுக்குப் பின்னால் அல்போன்சாவும் பிளாரன்சும் மூச்சு விடாமல் நின்றார்கள்.

"ஏலே தேவபிரசாதம், உன்னால சாமியாருக்கு ரெண்டு நாளாச் சாப்பாடு இறங்கல. அவ்வளவு வருத்தம்."

தேவபிரசாதத்தின் தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது.

"நான் கால்ல விழுதேன், அண்ணே. என் பிள்ளை ஓலையை மட்டும் நிறுத்திராம இருக்கச் சொல்லும். அவுக பேரை நான் மறுநாளே எடுத்துட்டேன்!"

"அதுதாம்லே வருத்தமே! 'போன மாசம் வந்த வெளியூர் ஆயரையே பாதிப் பிரசங்கத்துல குறட்டை விட வெச்சவன் நான், என்னை எடுத்துட்டு அந்தச் சங்கரபாண்டியனைப் போட்டுட்டானே'ன்னு புலம்புதாவ."