மச்சாள் பிடித்த கை

கராத்தே தெரியுமா என்று யாராவது கேட்டால், "கொஞ்சம்" என்று சொல்லப் பழகிவிட்டேன். முன்பு கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அப்போது உருத்திரபுரம் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் கராத்தே வகுப்பு நடத்தினேன். ஒன்பது பொடியன்களில் ஐந்து பேர் கிரிக்கெற்றுக்கு ஓடிவிட்டார்கள். பெண் பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பை மூடவேண்டியதுதான். தாய்மாரோ அனுப்பப் பயந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, மனைவியின் அக்கா, அதாவது என் மச்சாள், நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்தார். வயது ஐம்பத்தைந்து.

"தம்பி, காத்திலை குத்திற விளையாட்டெல்லாம் எனக்கு வேண்டாம். ஆரும் கையைப் பிடிச்சா எப்பிடித் தப்புறது? அதை மட்டும் காட்டுங்கோ."

இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? ஏழு தாய்மாரை அழைத்துக் கதிரை போட்டு உட்காரவைத்தேன். (காலையில் வயலுக்குப் பசளை எறிந்த களைப்பில் இடுப்பு என் சொல் கேட்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

"எவ்வளவு பலசாலி பிடிச்சாலும் பெருவிரல் பக்கம்தான் பிடி பலவீனம். அந்தப் பக்கம் திருப்பி இழுத்தாக் கை தானா வரும். அக்கா, என்ரை கையைப் பிடியுங்கோ. வடிவா இறுக்கிப் பிடியுங்கோ!"

பிடித்தார். திருப்பினேன். இழுத்தேன். கை வரவில்லை.

"இது முதல் படி" என்று தாய்மாரைப் பார்த்துச் சிரித்தேன். மறுபடி இழுத்தேன். தோள் வந்தது, கை வரவில்லை.

"நோகுதோ தம்பி? விடட்டோ?"

"விடாதேங்கோ!" (மானம்.)

மூன்றாம் முறை பெருங்குரல் எழுப்பிப் பின்னால் பாய்ந்தேன். கால் வழுக்கியது. நான் விழுந்தும் அவர் பிடியை விடவில்லை. விடவேண்டாம் என்று நான்தானே சொன்னேன். ஒரு கையில் நெல்மூட்டைபோலத் தொங்கினேன்.

"அக்கா, என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று ஒரு தாய் கேட்டார்.

"சாப்பாடில்லை பிள்ளை. இருபது வருசமாப் பேக்கரியிலை பாண்மா பிசையிற கை."

பிறகு நான் அவர் கையைப் பிடித்தேன். சொல்லிக்கொடுத்தபடியே திருப்பி, ஒரே இழுவையில் விடுபட்டார். நான் கதிரைகளுக்குள் போய் விழுந்தேன்.

"தம்பி சொன்னது சரியாத்தான் கிடக்கு!" என்று மனம் நிறைந்து பாராட்டினார்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு பெண் பிள்ளைகள் வந்தார்கள். என் பாடத்தின் மகிமை என்று நெஞ்சை நிமிர்த்தினேன். ஒரு தாய் மனைவியிடம் சொன்ன காரணம் பிறகுதான் காதுக்கு எட்டியது: "மாஸ்டர் ஆபத்தில்லாத ஆள். பிள்ளையளை நம்பி விடலாம்."

வகுப்பு இன்றும் நடக்கிறது. வீட்டுக்குப் புதிதாக வருபவர்கள் படலையடியில் நின்று, நாய் கடிக்குமா என்று கேட்பார்கள். மனைவி குசினிக்குள் இருந்தே குரல் கொடுப்பாள்:

"நாயைக் கட்டியிருக்கு. மாஸ்டர் ஒண்டும் செய்யமாட்டார். பயப்பிடாமல் வாங்கோ!"