வடைக்கு வெளியூர் வரி

அமெரிக்காக்காரன் வரி போட்ட மாதமே புவனேசனின் ஓவர்டைம் போய்விட்டது. சுங்கை பட்டாணியில் கட்டிலும் அலமாரியும் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றும் தொழிற்சாலை அவருடையது. அவருடையது என்றால், அங்கே அவர் வார்னிஷ் அடிக்கிறார். கட்டிலுக்கு வரி ஏறியதும், வாங்குகிறவன் விலையைக் குறைக்கச் சொன்னான். முதலாளி தவுக்கே குறைத்தார். முதலில் குறைத்தது புவனேசனின் ஓவர்டைமை.

வேறு யாராக இருந்தாலும் வாய் வலிக்கத் திட்டியிருப்பார்கள். புவனேசன் மயங்கிப் போனார். வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே அறைந்தவனின் கைப்பலத்தைப் புகழ்கிற ரகம் அவர்.

“பாத்தியா ரமணி? ஒரே ஒரு கையெழுத்து! உலகமே ஆடுது லா. நம்ம பெக்டரில ஓ.டி. காலி!” என்றார் மனைவியிடம்.

“காலியானது உங்க காசுங்க. அதுல என்னா சந்தோஷம்?”

“உனக்குப் புரியாது. அதான் பவரு.”

“சரி, அந்த வரிய யாரு கட்றா?”

“வெளிநாட்டுக்காரன். நம்மதான்.”

“அப்ப அங்க கட்டில் வாங்குறவங்களுக்கு வெல ஏறலயா?”

“ஏறும்... அது வேற கணக்கு. நீ போயி கோப்பி கலக்கு.”

பதில் தெரியாத இடத்தில் கோப்பி கேட்பது அவர் வழக்கம். அதனால் அந்த வீட்டில் கோப்பித்தூள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பவரைப் பார்த்துவிட்டார். இனி அதை எங்காவது காட்டியாக வேண்டும். தொழிற்சாலையில் காட்டினால் மிச்சமிருக்கும் வேலையும் போகும். வீட்டில் காட்ட ரமணி இடம் கொடுக்க மாட்டாள். மீதி இருந்தது கோயில். பாலிங் போகிற வழியில் உள்ள அவர்கள் குடியிருக்கும் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் புவனேசன்தான் செயலாளர்.

வருஷா வருஷம் திருவிழாவுக்கு அவர் வடைக்கடை போடுவார். ஊறப்போடுவது, அரைப்பது, தட்டுவது, எண்ணெய்ச் சட்டிமுன் வெந்துபோவது எல்லாம் ரமணி. கல்லாவில் உட்காருவது அவர். ஆகையால் அது புவனேசன் கடை. மூன்று வருஷமாக அந்தக் கடைக்கு ஒரு சனியன் பிடித்திருந்தது. பண்டார் பாருவிலிருந்து பரஞ்சோதி என்பவர் வேனில் வந்து பக்கத்திலேயே வடை போட்டார். கூட்டம் அங்கே போனது. இந்த வருஷம் ஓ.டி.யும் இல்லை. காடிக்கு, அதாவது காருக்கு, தவணை கட்ட இந்தத் திருவிழா வடையைத்தான் அவர் நம்பியிருந்தார்.

ரமணிக்கும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. “ஏங்க, இந்த வருஷமாச்சும் எனக்குன்னு ஒரு கூலி குடுங்க. ரெண்டு நாளு நின்னு சுடுறேன். கையெல்லாம் கொப்புளம்.”

புவனேசன் வயிறு குலுங்கச் சிரித்தார். “பொண்டாட்டிக்குக் கூலியா? வெளிய சொல்லிடாத லா, மானம் போயிரும்.”

“சரிங்க,” என்றாள் ரமணி. அவள் உடனே சரி என்றால் கவலைப்பட வேண்டும் என்பதை இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

அன்று மாலையே புவனேசன் சட்டம் எழுத உட்கார்ந்தார். வெளியூர்க் கடைகள் ஒரு வடைக்கு ஐம்பது சென் கோயிலுக்கு வரி கட்ட வேண்டும். வடையின் விலையே ஒரு வெள்ளி, அதாவது நூறு சென். பரஞ்சோதி ஒழிந்தார்! மீசையை நீவிக்கொண்டே வாசித்துக் காட்டினார்.

ரமணி உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். “நல்லாதான் இருக்கு. ஆனா பரஞ்சோதி அண்ணன் இங்க உள்ள யாரு பேர்லயாச்சும் கடைய எடுத்துட்டாருன்னா?”

புவனேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அட, ஆமா லா!”

“கட யாரு பேர்ல இருந்தா என்னாங்க? சுட்டது யாருன்னு பாருங்க.”

“அதான் நானும் நெனச்சேன்,” என்றார் அவர். நினைக்கவில்லை. உடனே மாற்றி எழுதினார்: இந்தத் தோட்டத்தில் பிறக்காதவர் கையால் செய்த எந்தப் பண்டத்தையும் தோட்டத்துக்குள் வைப்பவர், அதற்கு வரி கட்டியாக வேண்டும். எழுதிவிட்டு, “எப்படி?” என்றார்.

“ஓட்டையே இல்லைங்க,” என்றாள் ரமணி.

பொதுக்கூட்டத்தில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கடை போடுகிற ஆண்கள் எல்லோருக்கும் வெளியூர்க்காரன் என்றாலே எரிச்சல். முறுக்குக்கடை அய்யாவு எழுந்து நின்று, “நம்ம தோட்டம், நம்ம பண்டம்!” என்று முழங்கினார். புவனேசனுக்கு மாலை போட்டார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்து, மாலையோடு சாப்பிட்டார்.

திருவிழாவுக்கு முதல் நாள் கோயில் தலைவர் பழனியாண்டி, புவனேசன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மன் காசு என்றால் சொந்தத் தம்பியிடமும் கறாராகக் கறப்பவர்.

“செயலாளரே, நாளைக்கு எத்தன வட போடுறீங்க? வரிய முன்கூட்டியே கட்டிருங்க.”

“எனக்கு என்னா தலைவரே வரி? நான் இந்தத் தோட்டத்துல பொறந்தவன்!”

“நீங்க பொறந்தீங்க. வட சுடுறது யாரு?”

“என் பொண்டாட்டி.”

“அவங்க எங்க பொறந்தாங்க?”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஜித்ராலங்க, தலைவரே.”

புவனேசனின் முகம் செத்துப்போனது. “கட்டிக்கிட்டு வந்தா இந்தத் தோட்டத்துக்காரிதான லா!”

“பொறந்தவங்கன்னுதான் எழுதியிருக்கீங்க. உங்க கையெழுத்துதான?”

அதற்குள் அய்யாவு ஓடி வந்தார். அவர் மனைவிக்கு ஈப்போ. அவருக்குப் பின்னால் இன்னும் பலர். பாயசக்கடைக்காரர் மனைவிக்குத் தைப்பிங், சுண்டல்காரர் மனைவிக்குக் கூலிம். அந்தத் தோட்டத்தில் பிறந்த பெண்களெல்லாம் எப்போதோ வெளியூரில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். அடுப்படியில் நிற்பவர்கள் அத்தனை பேரும் இறக்குமதி. உள்ளூர்ச் சரக்கு என்று அங்கே மிஞ்சியிருந்தது கல்லாவில் உட்காரும் தடியன்கள் மட்டுமே.

“யோவ், எவன்யா இந்தச் சட்டத்த எழுதுனவன்?” என்று கத்தினார் அய்யாவு. மாலை போட்ட அதே கை இப்போது சட்டையைப் பிடித்தது.

புவனேசன் அந்தக் கையை உதறினார். தோல்வியை ஒப்புக்கொள்ள அறிவு வேண்டும். “வரி ஒரு சென் கட்ட மாட்டேன். நானே சுடுறேன். நூறு பெர்சன்ட் உள்ளூர் வட!”

“நல்லதுங்க,” என்று கரண்டியை அவர் கையில் கொடுத்தாள் ரமணி. “அப்ப எனக்கு நாளைக்கு வேல இல்ல?”

“இல்ல. போயி ரெஸ்ட் எடு!”

மறுநாள் மாவில் தண்ணீரை ஊற்றினார். இளகியது. மாவைக் கொட்டினார். கல்லானது. ஓட்டை போடப்போன விரல் எண்ணெயில் பட்டுக் கூத்தாடினார். கடைசியில் வெளியே கரியும் உள்ளே பச்சையுமாய் ஒரு தட்டு நிறைந்தது. அய்யாவு தானே பிழிந்த முறுக்கு அதைவிட மோசம். ஒருவர் கடித்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு பொது மருத்துவமனைக்குப் போனார். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்த கூட்டம் கடைகளைப் பார்த்தது, மூக்கைப் பொத்தியது, கோயில் வளைவைத் தாண்டி ரோட்டுக்குப் போனது.

கூட்டம் எங்கே போகிறது என்று புவனேசனும் பின்னாலேயே போனார். கவர்மெண்டு ரோட்டோரம், தோட்டத்து எல்லைக்கு ஓரடி வெளியே, பரஞ்சோதியின் வேன் நின்றது. வரிசை பஸ் நிறுத்தம் வரை. வேனுக்குப் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி. சட்டிக்குப் பின்னால் ரமணி. அவளுக்கு இந்தப் பக்கம் அய்யாவு மனைவி, அந்தப் பக்கம் மற்ற கடைக்காரர்களின் மனைவிமார்.

“ரமணி! வெக்கமா இல்ல? எதிரி கடையில நின்னு சுடுற!”

“வேல இல்லன்னு அனுப்புனது நீங்கதான? இவரு கூலி தரேன்னாரு. கையில வாங்கிட்டேன்.” வடையைத் திருப்பிப் போட்டாள். “வரிசைல வாங்க. மத்தவங்க நிக்கிறாங்க.”

“அண்ணே, சூடா ரெண்டு தரட்டுங்களா?” என்று பரஞ்சோதி மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் புவனேசனுக்குப் பொறுக்கவில்லை. பசியும் பொறுக்கவில்லை. வரிசையில் நின்றார்.

அந்த மாதம் காடிக்குத் தவணை கட்டியது ரமணி. திருவிழாவுக்குப் பிறகு வாராவாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வடை சுட பரஞ்சோதி அவளைக் கூப்பிட்டிருந்தார். புவனேசன் காலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பசியாற உட்கார்ந்தார். தோசை வந்தது. கையை வைக்கப் போனார். ரமணி தட்டை இழுத்துக்கொண்டாள்.

“மாவரைச்சது ஜித்ராக்காரி.”

“அடியே, அது கோயில் கடைக்கு லா!”

“தோட்டத்துக்குள்ளன்னுதான் எழுதியிருக்கீங்க. நம்ம வீடு தோட்டத்துக்குள்ளதான இருக்கு? வரி அம்மனுக்கு, கூலி எனக்கு. ரெண்டையும் வெச்சுட்டுச் சாப்பிடுங்க.”

“தலைவருகிட்ட சொல்லி இன்னைக்கே அந்தச் சட்டத்த எடுத்துர்றேன்!”

“கேட்டாச்சுங்க. பொதுக்கூட்டத்துல போட்டத பொதுக்கூட்டத்துலதான் எடுக்க முடியுமாம்.”

புவனேசன் வாயைத் திறந்தார். கோப்பி கேட்கலாம் என்று தோன்றியது. அதைக் கலக்குவதும் ஜித்ராக்காரிதான் என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

அடுத்த பொதுக்கூட்டம் அடுத்த வருஷம். அதுவரை அவர் சொந்த வீட்டுத் தோசையை இறக்குமதி செய்துதான் தின்ன வேண்டும்.