டைகருக்கு வைத்த சோறு

ஒரு வீட்டில் ஒரே ஒருத்தி மட்டும் படித்திருந்தால், அந்த வீட்டுக்கு வக்கீல், தபால்காரர், டாக்டர் எல்லாம் அவள்தான். எங்கள் வம்சத்திலேயே முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான். (இங்கே ஒரு முறைதான் சொல்கிறேன். அந்த நாளில் சந்திக்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.) மாத்திரை அட்டையோ உர மூட்டையோ, எழுத்து இருந்தால் என் கைக்கு வந்துவிடும். எழுத்தே இல்லாத டைகரும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு தொழிற்சாலைக்கு மாட்டு வண்டியில் மணல் அடித்துவிட்டு வந்த என் நைனா, மணலுக்குப் பதிலாக ஓர் அல்சேஷன் நாயை ஏற்றி வந்தார்.

"எலும்பும் தோலுமா கீது, காவலுக்கு ஆவாதுன்னு தொரத்தி உட்டாங்கம்மா."

எவ்வளவு போட்டாலும் தின்னும். தின்று முடித்ததும் சட்டியைக் கடிக்கும். தின்றதெல்லாம் வெளுப்பாக, எண்ணெய்ப் பசையோடு குவியல் குவியலாக வெளியே வந்துவிடும். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.) சோற்றுக்கு நடுவில் உட்கார்ந்து அது பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது.

பொன்னேரி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "வயித்துல கணையம்னு ஒண்ணு வேலை செய்யலம்மா. சோத்தைச் செரிக்கிற நீரே ஊறல," என்றார் டாக்டர். பச்சையான ஆட்டுக் கணையத்தைப் பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான சோற்றில் பிசைந்து, மூடிவைத்து, சற்று நேரம் கழித்துப் போட வேண்டும்.

"எத்தினி நாளைக்கு சார்?"

"உயிரோட இருக்கிற வரைக்கும். நிறுத்தினா போயிடும்."

பொன்னேரியில் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்ததும் கசாப்புக் கடையில் போய் நிற்பேன். "அத யாரும் வாங்க மாட்டாங்களே, நாய்க்குத்தான் போடுவேன்," என்றார் பாய். "நாய்க்குத்தான் பாய் கேக்குறேன்," என்றேன். பிசைந்து வைத்த கெட்டிச் சோறு சிறிது நேரத்தில் கஞ்சிபோல இளகிவிடும். வயிற்றில் நடக்காத ஜீரணம் தூக்குச் சட்டியில் நடந்தது. டைகர் சதை பிடித்தது, ரோமம் மினுங்கியது. எனக்கோ தலைகால் புரியவில்லை.

அப்புறம் புரட்டாசி வந்தது.

புரட்டாசியில் எங்கள் வீட்டை அம்மிவரை கழுவிவிடுவோம். நெற்றியில் நாமத்தோடு நைனா வேறு ஆளாகிவிடுவார். "இந்த மாசம் ஊட்ல கவுச்சி நொழையக் கூடாது. கண்டேன்னா நாயை வண்டில ஏத்தி, எட்த்த எடத்துலயே உட்டுட்டு வந்துடுவேன்," என்றார்.

கொஞ்ச நாள் தயிர்ச் சோறு போட்டுப் பார்த்தேன். விலா எலும்புகள் மறுபடி எட்டிப் பார்த்தன. சட்டியைக் கடிக்கும் சத்தமும் திரும்பி வந்தது. மருந்து போட்டால் நாடு கடத்துவார்கள், போடாவிட்டால் செத்துவிடும். பயந்துகொண்டே திருட்டுத்தனமாக ஆரம்பித்தேன். வைக்கோல் போருக்குப் பின்னால்தான் நறுக்குவேன். யாராவது இருமினாலே கத்தி கையிலிருந்து நழுவும்.

மூன்றாம் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகைப் படையல். வேப்பம்பட்டிலிருந்து அத்தை, தெரு முழுக்க உறவு, கொல்லை அடுப்பில் அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல். சோற்றை வெதுவெதுப்பாக வைக்க அந்த அடுப்போரம் தவிர இடமில்லை. யாராவது மூடியைத் திறந்துவிட்டால்?

படித்த மூளை வேலை செய்தது. பூஜை முடிகிறவரை நாமம் இட்ட பாத்திரத்தை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். திருமண்ணைக் குழைத்து, டைகரின் தூக்கில் பெரிதாக ஒரு நாமம் இட்டு அடுப்போரம் வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பூஜை முடிகிறவரை யாரும் தொடவில்லை. முடிந்த பிறகு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

பந்தி முடிந்து கொல்லைக்குப் போனால், நாமத் தூக்கைக் காணோம். அங்கே வேறொரு தூக்கு. திறந்தேன். முந்திரி போட்ட பொங்கல்.

"அம்மா! இங்க இருந்தது எங்க?"

"உங்கத்தைக்குன்னு பொங்கல் கட்டி வெச்சேன். 'பெருமாளுக்குன்னு நாமம் போட்டு வெச்சது கீதே, எனக்கு அதான் வோணும்'னு அத்த எட்துக்கினு டேசனுக்குப் பூட்டாங்க."

கையிலிருந்த தூக்கு விழுந்தது. நான் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு ஓடினேன். புரட்டாசி சனிக்கிழமை, ஒருபொழுது இருக்கிற அத்தை, தூக்கு நிறையப் பச்சை ஆட்டுக் கணையம்! செருப்பு எங்கே கழன்றதென்று இன்றுவரை தெரியாது.

பிளாட்பாரப் பெஞ்சில் அத்தை. மூடி திறந்திருந்தது. பிரசாதம் என்றதும் சுற்றிலும் பெண்கள் கை நீட்டியிருந்தார்கள். "இன்னாடி பொங்கல் இது, கஞ்சியாட்டம் ஓடுது? உங்கம்மாவுக்கு எப்பவும் வெல்லத்துல கஞ்சத்தனம்," என்றபடி முதல் கையில் ஊற்றப் போனார்.

உண்மையைச் சொன்னால் டைகர் அன்றைக்கே கும்மிடிப்பூண்டிதான்.

"துன்னாதீங்க! அதுல பல்லி வுழுந்துடுச்சு!"

நீட்டிய கைகள் எல்லாம் மறைந்தன. அத்தையின் முகம் வெளுத்தது. "அய்யய்யோ! நான் ஊட்லயே வயிறு முட்ட துன்னேனே! எல்லாம் ஒரே அண்டாதானடி!"

(இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.)

அத்தை அலறிக்கொண்டே வீடு திரும்பினார்; தூக்கோடு நான் பின்னால் ஓடினேன். தெருவே கூடியது. ஆளாளுக்கு உப்புத் தண்ணீர் குடித்து வேலியோரம் குனிந்தார்கள். "ஒண்ணும் இருக்காது," என்று நான் முனகியது யார் காதிலும் விழவில்லை. அந்த நேரம் பார்த்து டைகர் வந்தது. நான் போட்டுவிட்டு ஓடிய நெய்ப் பொங்கல் முழுவதையும் தின்று தீர்த்திருந்தது. மருந்தில்லாத வயிறு, எல்லார் முன்னாலும் நின்று பீச்சியடித்தது.

"பாருங்க, நாய்க்கே விஷம் ஏறிப்போச்சு!" என்று ஒரு குரல். ஒப்பாரி தொடங்கியது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீயும்தானடி துன்னே!" என்று கதறினாள். நைனா பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டினார். பதற்றத்தில் மாட்டை இடம் மாற்றிப் பூட்டி, அவிழ்த்து, மறுபடி பூட்டினார்.

டைகரைப் பார்த்தேன். நைனாவைப் பார்த்தேன். டைகரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"பல்லியெல்லாம் இல்ல நைனா. அது டைகர் சோறு. ஆட்டுக் கணையம் கலந்தது. நாமம் நான்தான் போட்டேன்."

வேலியோரம் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். டைகர் மட்டும் வாலாட்டியது.

முதலில் பேசியது அத்தைதான். "ஆடா? பல்லி இல்லியே?"

"இல்ல அத்த."

"சத்தியமா?"

"டைகர் மேல சத்தியமா."

"கோவிந்தா!" என்று இரண்டு கையையும் தூக்கினார் அத்தை. "ஆட்ட மடில வெச்சிருந்ததுக்குத் தலமுழுவினா போதும். பல்லின்னா நாலு பேரு தூக்கிக்கினு இல்ல போவணும்!"

நைனா சிரிக்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு என் பக்கம் வந்தார். இதோடு முடிந்தது என்று டைகரை இறுக்கிக்கொண்டேன்.

"பல்லி இல்லன்னா இது ஏன் கழியுது?"

"பொங்கல் செரிக்கல நைனா. அந்தத் தூக்குல இருக்குறது கலந்தாத்தான் இதுக்குச் சோறு ஒட்டும்."

டைகரின் விலாவை வெகுநேரம் பார்த்தார். "அப்ப அத எட்தாந்து வை," என்றவர், இரண்டடி போய்த் திரும்பினார். "நாமத்தத் தொடச்சிட்டு வை."

அந்த வாரமே மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் டைகருக்குத் தனி அடுப்பு வந்தது. புரட்டாசியிலும் எரிந்தது.

அடுத்த தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நானே பொங்கல் கொண்டுபோய் வைத்தேன். எஸ்.எஸ்.எல்.சி. என்பதைப் பெருமையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "பயப்படாம துன்னுங்க. டைகருது தனியா வெச்சிருக்கா."

வாய்வரை போன கையை மாப்பிள்ளை வீட்டார் அப்படியே நிறுத்தி, "டைகரா? அது யாரு?" என்றார்கள்.

கொல்லையிலிருந்து பதில் குரைத்தது.