பெரட்டு மாமா பென்சன் கொடுத்த ஹார்ட் டிஸ்க்

இலங்கை மலையகத்தில் ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த இயந்திரமும் தானாகக் கெட்டுப்போனது கிடையாது. பாதி, பெரட்டு மாமா திறந்து பார்த்ததால் கெட்டது. மீதி, அவர் திறந்து பார்க்கப் போகிறார் என்று தெரிந்து பயத்தில் கெட்டது. இதை அவர் முகத்துக்கு நேராகவே நான் சொல்லியிருக்கிறேன். பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

மாமா எங்கள் மலையில் கங்காணி. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, யாருக்கு என்ன வேலை என்று பிரித்து அனுப்புவது அவர் தொழில். அந்தத் தொழில் அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் ரேடியோ, மணிக்கூடு, டார்ச் லைட் என்று எது கையில் கிடைத்தாலும் அதற்கும் பெரட்டு வைப்பார். கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்து, "நீ என்ன வேலை செய்யிற?" என்று விசாரிப்பார். பதில் திருப்தியாக இருந்தால் திரும்ப உள்ளே பூட்டுவார்.

கடைசியில் எப்போதும் இரண்டு மூன்று ஆணிகள் மிஞ்சும். அதற்கெல்லாம் மாமா கலங்குகிற ஆள் இல்லை. இத்தனை வருஷமாகச் சும்மா நின்று சம்பளம் வாங்கியவர்கள் என்று சொல்லி, ஒரு பழைய பால்மா டின்னில் போட்டுவிடுவார். அந்த டின்னுக்குப் பெயர் பென்சன் டின்.

டிஸ்பென்சரிச் சுவர்க் கடிகாரத்தை அவர் திருத்திய பிறகு, அது படுக்க வைத்தால் மட்டும் ஓடியது. மருந்து கொடுக்கிறவர் மணி பார்க்க மேசைமேல் குனிவார். கோயில் ஒலிபெருக்கியைத் திருத்தினார். பூசாரி பேசினால் பூசாரி குரல் வந்தது, பேசாதபோது சிங்களச் செய்தி வந்தது. ஆனாலும் இரண்டுமே ஓடின என்பதை மறுக்க முடியாது.

இப்படிப்பட்டவர் கையில் என் கம்ப்யூட்டர் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வாக்கில் நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் தம்பி கொழும்பிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்திருந்தான். தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழே இல்லாத நாற்பத்தொரு பேருக்கு விண்ணப்பம் தயாரிக்கிற வேலையை நானாகவே தலையில் போட்டுக்கொண்டேன். நாலு மாதம் லயம் லயமாக, வரிசை வீடு ஒவ்வொன்றாக நடந்து, "பழைய தொர மாறிப்போன வருஷம் பொறந்தேன்" என்பது போன்ற விவரங்களை வைத்துக்கொண்டு ஆண்டைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் தட்டி முடித்தேன். வெள்ளிக்கிழமை ராகலைக்கு நடமாடும் சேவை வருகிறது. அதிகாரிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்குவார்கள். விட்டால் மறுபடி எப்போது வருவார்களோ தெரியாது.

அந்த நாற்பத்தொரு பேரில் மாமாவும் ஒருவர். அவருடைய அக்கா சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறித் துறையூர்ப் பக்கம் போய்விட்டார். சாவதற்குள் ஒருமுறை அக்காவைப் பார்க்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. பாஸ்போர்ட்டுக்கு அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை இருட்டு. பெட்டிக்குள்ளிருந்து "பீ... பீ..." என்று சத்தம் மட்டும் விடாமல் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குறிப்பெழுதிய கொப்பி எங்கே என்று தேடினால், இனி எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நானே பெருமையாகச் சொன்னதை நம்பி, ஈர விறகு பற்றவைக்க அம்மா அதைத் தாள் தாளாகக் கிழித்து முடித்திருந்தார். பிரதி எடுத்து வைத்த ஃபிளாப்பியில் பூஞ்சணம். நுவரெலியாவில் ஒரு கடைக்குப் போன் பண்ணினேன். இரண்டு வாரம் ஆகும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்தாலும் அழியும் என்றார்கள்.

சத்தம் கேட்டு மாமாவே வந்துவிட்டார். வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"இது பெரட்டு சத்தமுங்க டீச்சர். உள்ள ஆளுங்கள கூப்பிடுது. யாரோ ஒருத்தன் வரல. அதான் வேலைய தொடங்காம நிக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதைவிடத் தெளிவான விளக்கம் வேறு யாரும் தரவும் இல்லை. சரி என்றேன். படங்கு விரிந்தது. அரை மணி நேரத்தில் என் நாலு மாத உழைப்பு சாக்குமேல் வரிசையில் நின்றது. அதில் சீப்பு மாதிரி ஒரு பச்சைத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, பல்லெல்லாம் ஈரம் பிடித்திருக்கிறது என்று சொல்லி அழிறப்பர் கேட்டார். நானும் எடுத்துக் கொடுத்தேன். அவர் தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சுரீரென்றது. இரண்டு நாள் கம்ப்யூட்டர் வகுப்பில் அந்தச் சீப்பின் படத்தைக் காட்டி, அதுதான் நினைவகம் என்று சொல்லியிருந்தார்கள். நினைவகத்தை மனிதர் அழிறப்பரால் தேய்க்கிறார்.

"மாமா, நிப்பாட்டுங்க. எழுதுனதெல்லாம் அழிஞ்சிடப் போகுது."

மாமா நிறுத்தி, ரப்பரின் நுனியை உற்றுப் பார்த்தார். "அழுக்குத்தாங்க வருது. பேரு ஒண்ணும் வரல," என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்த்தார்.

பூட்டிப் போட்டதும் ஒரே ஒரு "பீப்". திரையில் வெளிச்சம் வந்தது. அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் திரையைப் பார்த்தேன். டிஸ்க் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. மாமாவிடம் சொன்னேன். இல்லாதவர்களைப் பற்றி நமக்கென்ன, இருக்கிறவர்களை வைத்து வேலை வாங்குங்கள் என்று யோசனை சொல்லி, சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் அழிந்துவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன். இரண்டு நாள் அழுதேன். அழிறப்பர் கொடுத்த கையை என்ன செய்யலாம் என்று யோசித்தேன். வியாழக்கிழமை, யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் பள்ளிக்கூட அதிபர் என் முகத்தைப் பார்த்து விசாரித்து, வீட்டுக்கே வந்து பெட்டியைத் திறந்தார்.

"டீச்சர், ஹார்ட் டிஸ்க்கைக் காணேல்லை. நீங்கள் எழுதினதெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும். ஆர் கழட்டினது?"

கொட்டுகிற மழையில் லயத்துக்கு ஓடினேன். மாமா வீட்டில் அடுப்புக்கு மேலே விறகு காய்கிற பரணில், ஒரு துவாலையில் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கிடத்தியிருப்பதுபோல் அதைக் கிடத்தியிருந்தார்.

"இவரு சுத்தவும் இல்ல, லைட்டும் எரியலங்க. கனமா ஒரு மூலையில உக்காந்திருந்தாரு. வயசாளி போலன்னு பென்சன் குடுத்துட்டேன். டின்னுக்குள்ள போட மனசு வரல. குளிரு தாங்க மாட்டாருன்னு இங்க வச்சேன்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். வேறு வார்த்தைதான் வந்தது.

"மாமா, நாப்பத்தொரு பேரும் இதுக்குள்ளதான் இருக்காங்க. நீங்களும் இருக்கீங்க."

மாமா அதை இரண்டு கையாலும் எடுத்தார். எடை பார்ப்பதுபோல் ஏந்திப் பார்த்தார். "அதாங்க கனமா இருந்திருக்கு," என்றார்.

கம்பளிக்குள் மறைத்து, ஒரு சொட்டு படாமல் அவரே கொண்டுவந்தார். அதிபர் வயரைக் கொளுவினார். கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் எழுந்தது. ஃபைல் அப்படியே இருந்தது. கணக்கப்பிள்ளைக்கே பென்சன் கொடுத்துவிட்டேனே என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பெரட்டு எடுத்தே ஆகவேண்டும் என்றார். நான் திரையைப் பார்த்துப் பேர் பேராக வாசித்தேன். ஒவ்வொரு பேருக்கும் மாமா "வந்தாச்சு" என்றார். பதினேழாவது பேரை வாசித்தபோது சத்தமில்லை. தோட்டமே மறந்துபோன அவருடைய சொந்தப் பேர் அது. திரும்பிப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பேரைக் கூப்பிட்ட மனிதர், கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

"வந்திருக்கேங்க," என்றார்.

மறுநாள் நாற்பத்தொரு விண்ணப்பமும் ராகலைக்குப் போயின. அடுத்த வருஷம் மாமா இந்தியாவுக்குப் போய் அக்காவைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அக்கா வீட்டு மின்விசிறியிலிருந்து மிஞ்சிய மூன்று ஆணிகளைப் பென்சன் டின்னில் சேர்த்தார். அந்த விசிறி இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். முன்னைவிட மெதுவாக, ஆனால் மரியாதையாக ஓடுகிறது என்றார்.

மாமா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அந்தக் கம்ப்யூட்டரையும் எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை, அதைக் கழற்றி நானே வைத்துக்கொண்டேன். என் சமையலறை அலமாரித் தட்டில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் அதை அடுப்புப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன்.