ஒட்டாத எண்ணெய்

குட்டி விமானத்தின் எஞ்சின் இரண்டு முறை தும்மிவிட்டு நின்றது.

கிளமென்ட் எரிபொருள் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே மெத்தனால், கீழே விளக்கெண்ணெய். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் ஒட்டாமல் இருந்தன.

"இதை நல்லாக் குலுக்கோணும் அம்மணி."

குலுக்கி ஊற்றினார். எஞ்சின் கொஞ்சம் ஓடிச் சூடேறி இறுகிக்கொண்டது.

"ஏனுங்க, எண்ணெய் பத்தலைங்களோ?" என்றாள் விமானத்தின் வாலைப் பிடித்திருந்த மனைவி கரோலின்.

எண்ணெயைக் கூட்டினார். எஞ்சின் குபுகுபுவென்று புகைந்து, அவள் சேலை முழுக்கத் துப்பியது.

"வேகம் குடுக்கற அந்த நைட்ரோவைக் கொஞ்சம் சேத்திப் பாருங்க."

சேர்த்தார். எஞ்சின் பின்பக்கமாக உதைத்ததில் விசிறி கழன்று பறந்து, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது. விமானத்தில் இதுவரை பறந்தது அது ஒன்றுதான்.

கரோலின் விழுந்து விழுந்து சிரித்தாள். கிளமென்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

மகள் ஜோவிதா கல்யாணமாகிப் போனபின் ஆர்.எஸ்.புரம் வீட்டில் இவர்கள் இரண்டே பேர். மதுக்கரை மைதானத்தில் இதைப் பறக்கவிட்டு, மனைவி ஒருமுறை கைதட்டிப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதற்காகத் தினமும் சாயங்காலம் அவளைப் புகையில் நிறுத்துகிறோமே என்று மனசு உறுத்தியது.

"போதும் அம்மணி. நாளைக்கே இதைப் பக்கத்து வீட்டுப் பையன் சுரேந்தருக்குக் குடுத்துப்போடறேன். உன்னைய இனி இம்சை பண்ணமாட்டேன்."

கரோலினின் சிரிப்பு நின்றுவிட்டது. "அவசரப்படாதீங்க," என்றாள் மெதுவாக.

எதற்கும் எண்ணெயைப் பற்றி ஒருமுறை விசாரித்துவிடலாம் என்று கிளமென்ட் புட்டியோடு அரங்கசாமியின் எண்ணெய்க் கடைக்குப் போனார்.

"ஏனுங்க, நீங்க குடுத்தது விளக்கெண்ணெய்தானுங்களா?"

"விளக்குக்கு ஊத்தற எண்ணெய்ங்க. சாமிக்குத் தீபம் போடுவாங்கல்ல, அது."

"நான் கேட்டது ஆமணக்குல எடுக்கற கொட்டமுத்து எண்ணெய்ங்க. மத்ததெல்லாம் மெத்தனால்ல கரையாது. இத்தனை நாளா மாத்தியா குடுத்தீங்க?"

அரங்கசாமி தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க ஊட்டு அம்மணிதானுங்க வந்து சொன்னாங்க, 'அண்ணா, இதையே குடுங்க, அந்த விமானம் மேல ஏறிருச்சுன்னா அவரு வானத்தைத்தான் பாத்துட்டு நிப்பாரு, இப்பத்தான் கொஞ்ச நாளா என்ற மூஞ்சியப் பாத்துப் பேசறாரு'ன்னு."