கதவுக்குப் பின்னால் ஒரு பெண்குரல்

சந்தேகப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. ஆனால் படித்தவன் சந்தேகப்பட்டால் சேதம் அதிகம். அந்தப் படித்தவன் நான்தான்.

அப்போது நான் ரப்பர் தோட்டப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர். அக்கா மகள் வசந்திக்குக் கேகாலையில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெயர் சிவா. தேத்தண்ணிக் கடைக்கு மேலே ஓர் அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துபவன். மாப்பிள்ளையைப் பற்றி அவனுக்கே தெரியாமல் விசாரித்து வருவது எங்கள் பக்கத்தில் தாய்மாமனின் வேலை. (எனக்கு அது பிறவிக்குணம்.)

கடையில் பிளேன்டீ குடித்தபடி மேலே பார்த்தேன். பட்டப்பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. சிவா பேக்கரி பணிஸ் நாலு வாங்கிக்கொண்டு படியேறினான். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ஒருவன் தின்ன நாலு பணிஸ் எதற்கு? செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போய்க் கதவில் காதை வைத்தேன்.

உள்ளே ஒரு பெண் ஆங்கிலத்தில் அழுதாள். தன்னை அடைத்து வைத்திருக்கிறார்கள், காற்று தீர்கிறது, கதவைத் திறந்துவிடுங்கள் என்றாள்.

"கத்தாதடி, யோசிக்க விடு!" என்றான் சிவா.

கீழே ஓடிக் கூச்சல் போட்டேன். கடை முதலாளி அலவாங்கோடு (கடப்பாரைதான்) வந்தார். பஸ்ஸுக்கு நின்ற கூட்டமும் பின்னால் வந்தது. கதவு பிளந்தது.

சிவாவின் வாயில் பணிஸ். எதிரே கம்ப்யூட்டர் திரையில் வெள்ளி உடுப்புப் போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி விண்கலத்துக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். சீடியில் வந்த விண்வெளி விளையாட்டாம். திரையில் வெயில் படக்கூடாதென்று கறுப்புத் துணியாம்.

"மாஸ்டர், மாசக்கணக்கா நான் அவ கதவத் தொறக்கப் பாக்குறேன்," என்றான். "நீங்க என் கதவத் தொறந்துட்டீங்களே!"

"ஐயோ மாத்தயா!" என்று என்னைச் சிங்களத்தில் விளித்து முதலாளி அலவாங்கைக் கீழே போட்டார்.

கல்யாணம் நின்றது. "சந்தேகப்படுற குடும்பத்துல எம்புள்ள காலெடுத்து வைக்க மாட்டான்," என்றார் சிவாவின் தாய். வசந்தி என்னோடு பேசவில்லை. அவள் அழுத அழுகையைக் கேட்கக் கதவில் காதை வைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சத்தம்தான் இன்றும் எனக்கு உறுத்தல்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். தாய் முகம் கொடுக்கவில்லை. சிவாதான், "விடுங்கம்மா. மாஸ்டர் இங்கிலீஷ் படிச்சவரு. அந்தப் புள்ளைய வெளிய கொண்டு வரட்டும், அதுதான் தண்டன," என்றான். தாய் சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது.

நானும் ஞாயிறுதோறும் கேகாலைக்குப் போய் அந்த விண்கலத்தில் முட்டினேன். கதவு அசையவில்லை. யாரிடம் கேட்டாலும், அப்படியொரு விளையாட்டைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். இன்றும் வீட்டில் ஒரு கதவு இறுகினால், "மாமாவக் கூப்பிடாதீங்க, அலவாங்கு வரும்!" என்பாள் வசந்தி.

போன மாதம் அவள் மகள் இணையத்தில் தேடி, எங்கோ ஒருவர் எழுதிய புலம்பலைக் கண்டுபிடித்தாள். பிழை அந்த சீடியிலேயே இருக்கிறதாம். அந்தக் கதவு யாருக்கும் திறக்காதாம்.

நான் சிவாவைப் பார்த்தேன். அவன் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. இது அவனுக்கு அப்போதே தெரியுமோ?

(கேட்கவில்லை. சந்தேகப்பட்டுப் பெற்றது போதும்.)